1962-ஆம் வருடத்துக் கடிதங்கள்

அமெரிக்க கன்ட்ரி இசையில் ஆகச் சோகமான பாட்டு எது, அழ வைக்கும் என்று தெரிந்தும் ஜனங்கள் ஏன் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது கேள்வி. முதல் பாதிக்கு நான் யோசிக்கவே மாட்டேன். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடி வெளியான ‘ஹீ ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’. இன்றோடு அவன் அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், இன்னும் ஒரு இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். அதையும் இந்தப் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாட்டைச் சொல்வது அவனுடைய நண்பன். சாகிற வரை உன்னைக் காதலிப்பேன் என்று அவன் அவளிடம் சொல்கிறான். போகப் போக மறந்துவிடுவாய் என்கிறாள் அவள். வருடங்கள் ஓடுகின்றன. அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. அவ்வப்போது பைத்தியம் பிடித்தவன் போல ஆகிவிடுவான். திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சில கடிதங்கள் வைத்திருந்தான். தேதி 1962. அவற்றில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்.

அப்புறம் நண்பன் சொல்கிறான்: இன்றைக்குப் போய் அவனைப் பார்த்தேன், கண்ணில் ஒரு துளி நீர் இல்லை, எங்கோ கிளம்புகிறவன் மாதிரி நன்றாக உடுத்தியிருந்தான், அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தே வருடக்கணக்கு ஆகிறது. சரி, ஒருவழியாகத் தேறிவிட்டான் போல என்று கேட்கிறவருக்குத் தோன்றும். அந்த நேரத்தில் பல்லவி வருகிறது. இன்றோடு நிறுத்திவிட்டான், வாசற்கதவில் மலர்வளையம் வைத்தார்கள், இன்னும் சற்று நேரத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உடுத்தியிருந்தது எதற்கு, சிரித்தது எப்படி என்று அப்போதுதான் புரிகிறது. அவன் தேறவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான்.

‘இறந்தான்’ என்ற சொல் அவனைப் பற்றி எங்கேயும் வராது. கதவு, மலர்வளையம், தூக்கிக்கொண்டு போவது என்று மூன்று விஷயங்களைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். நாமே கண்டுபிடித்த மரணம் என்பதால் அது நம் வீட்டு மரணம் ஆகிவிடுகிறது. அந்த 1962-ஐ எடுத்துவிட்டுப் ‘பழைய கடிதங்கள்’ என்று பாடிப் பாருங்கள், பாதி உயிர் போய்விடும். பாட்டு வந்தது 1980-இல். அன்றைக்கு ரேடியோவில் கேட்டவர்கள் மனசுக்குள் கழித்துப் பார்த்திருப்பார்கள். பதினெட்டு வருடம். ஒரு குழந்தை பிறந்து ஓட்டுப் போடுகிற வயதுக்கு வருகிற காலம்.

எழுதியவர்கள் இருவர், பாபி பிராடாக், கர்லி புட்மன். தயாரிப்பாளர் பில்லி ஷெரில் சுலபத்தில் திருப்தி அடைகிற ஆள் இல்லை. திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண் வர வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் அவர்தான். அந்தப் பகுதியை ஜோன்ஸ் பாடுவதில்லை, பேசுகிறார். கடைசியாக ஒரு தடவை அவனைப் பார்க்க அவள் வந்தாள், வருவாளா என்று நாங்கள் எல்லாருமே யோசித்துக்கொண்டிருந்தோம், இந்தத் தடவை நிஜமாகவே அவளை மறந்துவிட்டான் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மெட்டு இல்லை, சாவு வீட்டுத் திண்ணையில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிற மாதிரி இருக்கும். எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் இதுதான்.

இந்த நாலு வரியைப் பதிவு செய்யத்தான் அவர்கள் பட்ட பாடு. அந்த வருடங்களில் ஜோன்ஸ் குடியில் மூழ்கிக் கிடந்தார். கச்சேரிக்கு வராமலே போவதால் ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. பாடகி டாமி வைனெட்டைக் கல்யாணம் செய்து 1975-இல் விவாகரத்தும் ஆகியிருந்தது. ஸ்டூடியோவுக்கு வந்தால் இந்தப் பாட்டை கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் வேறொரு பாட்டின் மெட்டில் பாடுவார். ஷெரில் திருத்தினால், அந்த மெட்டுதான் நன்றாக இருக்கிறது என்பார். பாடும்போது நாக்கு குழறாது, பேசும்போது குழறிவிடும். முதல் வரியைப் பாடியதற்கும் பேச்சுப் பகுதி சரியாக வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய 18 மாதம் ஆனதாக ஷெரில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு சாவு வாடை அடிக்கிற பாட்டை எவன் வாங்குவான் என்பதுதான் ஜோன்ஸின் எண்ணமாக இருந்தது.

பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த பாட்டு’ விருது 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் இதற்கே போனது. நாற்பது வருடத் தொழில் வாழ்க்கையை ஒரு மூன்று நிமிடப் பாட்டு மீட்டுக் கொடுத்தது என்ற பொருளில் ஜோன்ஸ் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

இந்தப் பாட்டில் இருக்கிற வேலைப்பாடுதான் நல்ல சோகப் பாட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது என்பது என் கட்சி. துக்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் காட்டுவது. இதே ஜோன்ஸ் 1974-இல் பாடிய ‘தி கிராண்ட் டூர்’ பாட்டில் ஒருவன் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான். வீடு வாங்க வந்தவர்கள் மாதிரி நாம் பின்னால் போகிறோம். இதோ இந்த நாற்காலியில்தான் அவள் பேப்பர் கொண்டுவந்து கொடுப்பாள், இதோ கட்டில், இதோ அவள் துணிமணி. கடைசியில் குழந்தையின் அறை வாசலில் வந்து நிற்கிறான். வேறெதையும் எடுத்துக்கொள்ளாமல் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று தெரியவரும்போது, அந்த அறைக்குள் நுழைய நமக்கே கால் வராது. இந்தப் பாட்டை எழுதிய மூவரில் ஒருவர் ஜார்ஜ் ரிச்சி. நாலு வருடம் கழித்து டாமி வைனெட்டைக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டைக் கேட்பது இன்னும் கனமாகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு. 1927 கோடையில் டென்னஸி, வர்ஜீனியா இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிற பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் கண்டெடுக்கப்பட்டவர்கள். பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை மாற்றி அமைத்து 1935-இல் ‘கேன் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’ என்று பாடினார்கள். அம்மாவின் சவ வண்டி வருகிறது. பின்னால் நடக்கிற பிள்ளை வண்டிக்காரரைக் கெஞ்சுகிறான்: மெதுவாக ஓட்டுங்கள் ஐயா, நீங்கள் கொண்டுபோவது என் அம்மா, அவள் போவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மெதுவாகப் போனால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒன்றும் ஆகாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறான் பாருங்கள்.

பொருளைக் காட்டாமல், ஊரையும் ராத்திரியையும் காட்டி அழ வைத்தவர் ஹாங்க் வில்லியம்ஸ். அலபாமாக்காரர். பிறவியிலேயே முதுகெலும்புக் கோளாறு, வாழ்க்கை முழுக்க வலி. 1949 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சின்சினாட்டியில் ‘ஐம் ஸோ லோன்ஸம் ஐ குட் கிரை’ பாட்டைப் பதிவு செய்தார். வெளியானபோது வேறொரு கலகலப்பான பாட்டின் மறுபக்கமாகத்தான் இசைத்தட்டில் வந்தது. அதில் கதையே கிடையாது. யார் விட்டுப் போனார்கள், ஏன் தனியாக இருக்கிறான் என்று ஒரு விவரமும் இல்லை. விப்பர்வில் என்று ஒரு இராப்பறவை, நம்மூர்ப் பக்கி இனம், பறக்கக்கூடத் தெம்பில்லாமல் கூவுகிறது. நள்ளிரவு ரயில் தாழ்ந்த குரலில் ஊளையிடுகிறது. நிலா மேகத்துக்குப் பின்னால் போய் முகத்தை மறைத்துக்கொள்கிறது. எரிநட்சத்திரம் ஒன்று சத்தமே இல்லாமல் விழுந்து ஊதா நிற வானத்தில் வெளிச்சம் போடுகிறது. தன்னைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் தலைப்பில் இருக்கிற அந்த ஒரு வரியைத்தான். அழுதேன் என்றுகூடச் சொல்லவில்லை, அழலாம் போல அவ்வளவு தனிமை என்கிறார். அந்த அழாத அழுகை நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

1953 புத்தாண்டு நாள் கச்சேரிக்கு ஒஹாயோவின் கான்டன் ஊருக்குப் போகிற வழியில், காடிலாக் காரின் பின் இருக்கையிலேயே ஹாங்க் இறந்துபோனார். வயது 29. இருபது வருடம் கழித்து ஹவாய் கச்சேரியில் எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டை எடுக்கும்போது, நான் கேட்டதிலேயே அனேகமாக இதுதான் மிகச் சோகமான பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். என்னோடு சண்டைக்கு வருகிற கன்ட்ரி ரசிகர்களில் பாதிப் பேர் எல்விஸ் பக்கம்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார்த்தை புரியாதவர்களையும் இது தொடுகிறது. கர்நாடக இசை பழகிய காதுக்கு ஒரு புதிர் இருக்கும். துக்கம் என்றால் முகாரி, சுபபந்துவராளி என்று எதிர்பார்ப்போம். கன்ட்ரியில் அழ வைக்கிற பாட்டுகள் பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் இருக்கும். ஹாங்க் பாட்டும் அப்படித்தான், அதிலும் தாலாட்டு மாதிரி மூன்று மூன்று தட்டாக வருகிற வால்ட்ஸ் நடை. கிதார் கற்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆன பிள்ளைகூட வாசித்துவிடலாம். மூன்று கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) உண்மையும் இருந்தால் போதும் என்று பாடலாசிரியர் ஹார்லன் ஹவர்ட் கன்ட்ரி இசைக்குச் சொன்ன இலக்கணம் பிரபலமானது. இசை அழவில்லை, ஊரில் எல்லாம் வழக்கம் போல நடக்கிறது, ஒருத்தன் மட்டும் உடைந்து நிற்கிறான். வீட்டில் ஒரு சாவு விழுந்த மறுநாள் தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு அந்த வலி தெரியும்.

அந்த எளிய மெட்டுக்குள் அழுகையைக் கொண்டுவருவது ஸ்டீல் கிதார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவில் பிறந்த முறை இது. ஜோசப் கெகுகு என்ற இளைஞர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கிதாரை மடியில் படுக்க வைத்து, தந்தி மேல் இரும்புத் துண்டை வைத்து இழுப்பார்கள். கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் கை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும், மனுஷக் குரல் விம்முகிற மாதிரி. அப்புறம் காலால் மிதிக்கிற பெடல் வந்தது. 1954-இல் வெப் பியர்ஸ் பாடிப் பிரபலமான ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ், ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு தந்தி அப்படியே நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் மேலே ஏறுகிறது. ஒரே ஆள் நின்றுகொண்டும் போய்க்கொண்டும் இருப்பது போல ஒரு ஒலி. அதைக் கேட்ட ஸ்டீல் வாத்தியக்காரர்கள் தங்கள் வாத்தியத்திலும் பெடல் பொருத்த ஓடினார்கள். இன்றைக்குக் கன்ட்ரி என்றதும் காதில் வருகிற அந்த ஏக்க ஒலி பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

குரலும் அதே வேலையைச் செய்யும். ஹாங்க் ஒரு சொல்லின் நடுவில் குரலை வேண்டுமென்றே உடைப்பார், அழுகையை அடக்கும்போது நமக்கு உடைகிற மாதிரியே. ஜோன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறவர். உயிரெழுத்து ஒவ்வொன்றையும் ஸ்டீல் கிதார் போல வளைத்து, கீழே இறக்கி, விழப்போகிற கடைசி நேரத்தில் பிடித்துக்கொள்வார். பாடகி பாட்சி கிளைன் 1961-இல் ‘கிரேஸி’ பாட வந்தபோது, கார் விபத்தில் அடிபட்ட விலா எலும்பு ஆறாமல் மேல் ஸ்வரங்களைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை முதலில் பதிவு செய்துவிட்டு, சில நாள் கழித்து வந்துதான் பாடி முடித்தார். அந்தப் பாட்டில் மூச்சை அவர் எவ்வளவு ஜாக்கிரதையாக எடுக்கிறார் என்று ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. என் பாட்டிக்குக் கடைசி இரண்டு வருடம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளை ‘நீங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க’ என்று கேட்பாள். ஒருநாள் சாயங்காலம் மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்து சத்தமாக ‘ஏண்டா இவ்வளவு நேரம், சோறு ஆறிப்போச்சு’ என்றாள். அடுத்த நிமிடம் மறுபடி ஒன்றும் தெரியவில்லை. மாமா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பல வருடம் கழித்துத்தான் கேத்தி மேட்டியா 1989-இல் பாடிய ‘வேர்வ் யூ பீன்’ என் காதில் விழுந்தது. அவருடைய கணவர் ஜான் வெஸ்னர், டான் ஹென்றியோடு சேர்ந்து, தன் தாத்தா பாட்டியை வைத்து எழுதிய பாட்டு. மூன்று காலக் கட்டங்கள். இளம் வயதில் காதலனைக் கண்டபோது அவள் கேட்டது, ‘எங்கே இருந்தாய் இவ்வளவு நாள்’. புயல் ராத்திரியில் நேரம் கழித்து வீடு திரும்பிய கணவனிடம் கேட்டதும் அதுவே. கடைசியில் ஆஸ்பத்திரி. ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியில் இருவரும். பேச்சும் நினைவும் போன கிழவியின் கட்டிலுக்கு ஒருநாள் தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவள் அவரைப் பார்த்துக் கேட்கிறாள், எங்கே இருந்தாய். முதல் தடவை கேட்டபோது நான் பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நின்றேன். அமெரிக்காவில் எங்கேயோ நடந்த கதையில் எங்கள் மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

பொதுவாகச் சொன்னால் எல்லாருக்கும் போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு குறிப்பாகச் சொல்கிறார்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு நம் வீட்டு ஞாபகம் எழுந்து வருகிறது.

சோகம் என்றால் காதலும் சாவும் மட்டும் இல்லை. வேலை போவதும் உண்டு. மெர்ல் ஹாகர்டின் 1973 பாட்டு ‘இஃப் வீ மேக் இட் த்ரூ டிசம்பர்’ ஃபேக்டரியிலிருந்து ஆட்குறைப்பில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு அப்பாவைப் பற்றியது. கிறிஸ்துமஸ் வருகிறது, வீட்டில் ஏன் ஒன்றும் இல்லை என்று சின்ன மகளுக்குப் புரியவில்லை. டிசம்பர் மாதத்தை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மெட்டு கிட்டத்தட்ட உற்சாகமாகவே இருக்கும், பிள்ளை எதிரில் முகத்தை நன்றாக வைத்துக்கொள்கிற அப்பாவைப் போல. சுரங்கம், பஞ்சாலை, குத்தகை நிலம் என்று வாழ்ந்து, பிழைப்பைத் தேடி வடக்கே நகரங்களுக்குப் போன தென்மாநில ஜனங்களின் இசையாக வளர்ந்ததால், கன்ட்ரியில் வீடும் அம்மாவும் ரயிலும் இவ்வளவு வருகின்றன. கறுப்பின மக்களின் புளூஸ் இதற்குள் ஆழமாக ஓடுகிறது. ஹாங்குக்குச் சிறுவயதில் கிதார் கற்றுக்கொடுத்தவரே ரூஃபஸ் பெயின் என்ற கறுப்பினத் தெருப் பாடகர்தான்.

எல்லாச் சோகப் பாட்டும் எனக்குப் பிடிக்கும் என்று இல்லை. 2004-இல் பிராட் பெய்ஸ்லியும் அலிசன் கிராஸும் பாடிய ‘விஸ்கி லல்லபை’ பெரிய வெற்றி, அலிசன் கிராஸின் குரலுக்காக இன்றும் கேட்பேன். ஆனால் அவனும் குடித்துச் சாகிறான், அடுத்து அவளும் குடித்துச் சாகிறாள். இரண்டு சாவு சேர்ந்தும் ஒரு சிவப்பு மைக்கோடு செய்வதைச் செய்யவில்லை. ரெட் சோவின் 1976-இல் பேசிப் பதிவு செய்த ‘டெடி பேர்’, நடக்க முடியாத சிறுவன் லாரி டிரைவர்களோடு ரேடியோவில் பேசுவது. அழ வைத்துவிடும், ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அழ வைக்கும். ஜோன்ஸ் அப்படி இழுப்பதில்லை.

தெரிந்தும் ஏன் கேட்கிறோம்? சோக இசை கேட்பவர்கள் 772 பேரிடம் லிலா டரூஃபி, ஸ்டெஃபான் கெல்ஷ் இருவரும் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கும்போது அதிகம் பேருக்கு வந்த உணர்வு வெறும் துக்கம் இல்லை, பழைய நாளின் ஏக்கம். எனக்கு இது சரியாகவே படுகிறது. நிஜத் துக்கத்தில் அடுத்த வேலை காத்திருக்கும், யாருக்குச் சொல்லி அனுப்புவது, ஐஸ் பெட்டிக்கு யார் போவது என்று. அழ நேரம் இருக்காது. மூன்று நிமிடப் பாட்டில் அந்த வேலை எதுவும் நம் தலையில் இல்லை, விட்டுப்போன அழுகையை அங்கே அழுதுகொள்ளலாம். கூட ஒருத்தர் பாடிக்கொண்டும் இருக்கிறார்.

கன்ட்ரி பாடகர் வின்ஸ் கில் அப்படி ஒரு பாட்டை எழுதினார். பாடகர் கீத் விட்லி 1989-இல் இறந்தபோது ஆரம்பித்து, முடிக்க முடியாமல் வைத்துவிட்டு, 1993-இல் தன் அண்ணன் போன பிறகு முடித்த ‘கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மவுன்டன்’. இன்று அமெரிக்காவில் எத்தனையோ பேரின் இறுதிச் சடங்கில் ஒலிப்பது. ஜார்ஜ் ஜோன்ஸ் 2013 ஏப்ரல் 26-இல் இறந்தார். நாஷ்வில்லில், கன்ட்ரி கச்சேரிகளுக்குப் பேர்போன கிராண்ட் ஓல் ஓப்ரி அரங்கத்தில் இறுதி அஞ்சலி. வின்ஸ் கில் இதே பாட்டை எடுத்தார், பக்கத்தில் பாட்டி லவ்லெஸ் (Patty Loveless) என்ற பாடகி. சில வரிகள் பாடியதும் கில்லுக்குக் குரல் அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. கை மட்டும் கிதாரை விடவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். லவ்லெஸ் தன் பாகத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார். கில் தனக்கு முடிந்தபோது வந்து சேர்ந்துகொண்டார், முடியாதபோது விட்டுவிட்டார். அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. ‘ஹீ ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’ கேட்டு முடித்த பிறகு அதைப் பாருங்கள்.